விசாரிக்கப் போகும் சகோதரிகளுக்கு: சபை மாதர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சபைகளின் மாதர் சங்கங்களில் உழைக்கும் அன்பான சகோதரிகளுக்கு,

இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உங்களில் ஒருத்தியாக இருந்து வருகிறேன். காணிக்கை எண்ணியிருக்கிறேன், சங்கத்தின் கணக்கு நோட்டை எழுதியிருக்கிறேன், வீட்டு ஜெபக்கூட்டங்களுக்கு ஆள் சேர்த்திருக்கிறேன். அதற்கெல்லாம் முன்பு, நீங்கள் உதவி செய்த வீடுகளில் ஒன்றில் வளர்ந்த பிள்ளை நான். அப்பா இறந்தபோது எனக்கு வயது பதினொன்று, தம்பிக்கு ஏழு. கொடுக்கிற வரிசையிலும் வாங்குகிற வரிசையிலும் நின்றவள் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். அப்பாவை அடக்கம் செய்த நாளில் பெரியவர்கள் எல்லாரும் செலவுக்கணக்கு பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பி காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை என்பதைக் கவனித்தவர் மாதர் சங்கத்துச் சகோதரி ஒருவர். அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைப்புறப் படியில் உட்காரவைத்து, ஒன்றும் பேசாமல் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அரைமணி நேரம் கழித்து அவன் அழுதான். சபையின் எந்தப் பதிவேட்டிலும் அந்த அரைமணி நேரம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் இன்றும் அதைப் பேசுகிறோம். உங்கள் கை தொட்டதால் பிழைத்த வீடுகள் ஏராளம். இந்த மடலில் நான் சொல்லப்போகும் எதுவும் அதைக் குறைத்து மதிப்பிடுவதற்காக அல்ல.

ஆனாலும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆகிவிட்டது.

அப்பா இறந்து சில மாதங்கள் கழித்து, ஆராதனை முடிந்ததும் விதவைகளுக்கு உதவி வழங்கும் நிகழ்ச்சி நடந்தது. பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக மேடைக்கு ஏறினார்கள். அம்மாவின் முறை வந்தது. கொடுப்பவர் பையின் ஒரு காதைப் பிடித்திருந்தார், அம்மா மறு காதைப் பிடித்தார். படம் எடுத்தவருக்கு அது சரியாக விழவில்லை போலும். இன்னொரு முறை கொடுக்கச் சொன்னார். அம்மாவின் கைக்கு வந்துவிட்ட பையைத் திரும்ப வாங்கி, மறுபடியும் கொடுத்தார்கள். ‘இந்தப் பக்கம் பாருங்கம்மா’ என்றார்கள். அம்மா பார்த்தார். அந்தப் படத்தில் அவர் சிரிப்பது போலத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் பையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். இரண்டு நாட்கள் அதைப் பிரிக்கவில்லை. யாரும் எங்களை அவமானப்படுத்த நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அன்போடு செய்த காரியம்தான் அது. அன்போடு செய்ததாலேயே அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேச முடியாமல் போயிற்று.

பின்னாளில் நானே சங்கத்தில் பொறுப்பேற்று, அதே மாதிரி நிகழ்ச்சிகளை நடத்தினேன். பெயர் வாசித்தவளும் நான்தான். ஒருமுறை வயதான தாயார் ஒருவர் மேடைப் படியில் கால் வைக்கத் தயங்கினார். முழங்கால் வலி என்று நினைத்துக் கை கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘மகளே, கீழேயே கொடுத்துவிடக் கூடாதா?’ என்று மெதுவாகக் கேட்டார். அன்றுதான் அம்மாவின் பை எனக்குப் புரிந்தது.

யாக்கோபு எழுதிய நிருபத்தின் முதலாம் அதிகாரத்து 27-ஆம் வசனம் நம் சங்கங்களில் மனப்பாடம். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்களுடைய உபத்திரவத்தில் விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்கிறது அது. நம் தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் ‘விசாரிக்கிறது’ என்ற சொல்லே நிற்கிறது. மூலக் கிரேக்கச் சொல்லுக்குப் போய்ப் பார்ப்பது, கவனித்துக்கொள்வது என்றெல்லாம் பொருள் உண்டு. தமிழில் நாம் நலம் விசாரிக்கிறோம்; நோயாளியைப் போய் விசாரித்துவிட்டு வருகிறோம். அதே வேரிலிருந்துதான் விசாரணை என்ற சொல்லும் வந்திருக்கிறது. கைம்பெண் ஒருத்தியின் வீட்டு வாசலில் நாம் போய் நிற்கும்போது, இந்த இரண்டில் எதற்காக வந்திருக்கிறோம் என்பது அவளுக்கு முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது.

உதவிப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் நாம் கேட்கும் கேள்விகளை நினைத்துப் பாருங்கள். ஆராதனைக்கு ஒழுங்காக வருகிறாளா? பிள்ளைகள் ஞாயிறு பள்ளிக்கு வருகிறார்களா? கணவர் எப்படி இறந்தார்? இந்தக் கடைசிக் கேள்வியை நான் வெறுக்கிறேன். குடியால் இறந்தவரின் மனைவிக்கும், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவரின் மனைவிக்கும் நம் சபைகளில் துக்கம் விசாரிக்க வருகிறவர்களின் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. வருகிறவர்களும் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். அவளுடைய பிள்ளைக்கும் பசிக்கும். அவள் வீட்டு வாடகை நாளும் நிற்காது. மற்றவர்களைவிட இவளிடம்தான் நாம் சீக்கிரமாகப் போயிருக்க வேண்டும், ஏனென்றால் இவளிடம் வேறு யாரும் போகவில்லை. கணவன் விட்டுப் போனவள், காணாமல் போனவனுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவள் ஆகியோரின் நிலையும் இதுதான். விதவை என்ற பெயர்கூட அவர்களுக்குக் கிடைப்பதில்லை, பட்டியலில் இடமும் இல்லை.

தொற்காளின் கதைக்கு வருகிறேன். நம் சங்கங்கள் பலவற்றுக்கு அவள் பெயரையே வைத்திருக்கிறோம். யோப்பா பட்டணத்தில் அவள் இறந்தபோது, மேல்வீட்டறைக்கு வந்த பேதுருவிடம் விதவைகள் அழுதுகொண்டே, அவள் செய்து கொடுத்திருந்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 9-ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்த வசனத்தில் ஒரு சிறு சொல் இருக்கிறது: ‘தங்களோடிருக்கையில்’. அவள் தங்களோடு இருந்த காலத்தில் தைத்த துணிகள் அவை. என் அம்மா பிற்பாடு தையல் வேலை செய்தே எங்களை வளர்த்ததால் இது எனக்கு நன்றாகத் தெரியும்: ஒருத்திக்கு உடுப்புத் தைக்க வேண்டுமானால் அவள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். தோளின் அகலம், கையின் நீளம் பார்க்க வேண்டும். கவலையில் மெலிந்திருந்தால் போன தடவை எடுத்த அளவு இந்தத் தடவைக்கு உதவாது. தொற்காள் ஒவ்வொருத்தியின் அளவையும் அறிந்திருந்தாள். நாமோ எல்லாருக்கும் ஒரே அளவில் பை கட்டுகிறோம்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு தொற்காள் வந்தார். மேடை நிகழ்ச்சிகளில் அவரைப் பார்த்ததாக நினைவில்லை. வியாழக்கிழமை தோறும் மதியத்துக்கு மேல் வருவார். முதல் நாள் வந்தபோது, ‘வீட்டில் இருக்கிற காகிதம் எல்லாவற்றையும் எடுத்து வா’ என்றார் அம்மாவிடம். அப்பாவின் தகரப்பெட்டியைத் திறந்து தரையில் கவிழ்த்தார்கள். பழைய ரசீதுகள், வங்கிப் புத்தகம், யாருக்கோ எழுதிக் கொடுத்த கடன் சீட்டு, காப்பீட்டுப் பத்திரம் ஒன்று. அந்தப் பத்திரம் இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது. அவர் ஒவ்வொன்றையும் தரையில் வரிசையாக வைத்து, காற்றில் பறக்காதபடி மேலே ஒரு செருப்பையும் இரண்டு டம்ளரையும் வைத்தார். இறப்புச் சான்றிதழுக்கு எத்தனை நகல் வேண்டும், எந்த அலுவலகத்துக்கு எதை முதலில் கொண்டுபோக வேண்டும், எதில் கையெழுத்துப் போடவே கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்பாவின் உறவினர் ஒருவர், ‘வீட்டு விஷயத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று ஏற்கெனவே ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கையெழுத்துக்காகக் காத்திருந்த அந்தக் காகிதத்தை அந்த அம்மா இரண்டு முறை வாசித்தார். பிறகு நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். நாங்கள் இன்றும் ஒரு கூரைக்கடியில் இருப்பது அவர் அப்படி மடித்ததால்தான்.

எத்தனை மாதம் வந்தார் என்று அம்மாவிடம் கேட்டேன். மூன்று வருடம் என்கிறார். சில வாரங்களில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவாராம்.

சகோதரிகளே, துக்க வீட்டில் முதல் மாதம் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். கஷ்டம் தொடங்குவது அதற்குப் பிறகு. கடன் கொடுத்தவன் மரியாதைக்காகக் காத்திருந்த காலம் முடிந்து, வாசலுக்கு வருவது இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம். பள்ளிக்கூடத்தில் தகப்பன் கையெழுத்துப் போட வேண்டிய படிவம் வருவது அப்போது. அந்த நாளில் நம் சங்கத்தில் ஒருவர்கூட அந்த வீட்டில் இருப்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை பெரிய பையைக் கொடுப்பதைவிட, ஒரு வீட்டுக்கு ஒரு சகோதரி என்று பொறுப்பேற்று, வாரத்தில் ஒரு மணி நேரம் போய் உட்காருவது அதிகம் தாங்கும். இதற்குப் பணம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பணமும் வேண்டும். ஆனால் அந்தப் பணம் எதற்கு வேண்டும் என்பது போய் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

கடன் பற்றிப் பேசும்போது தீர்க்கதரிசி எலிசாவிடம் வந்த விதவையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் ராஜாக்கள் 4-ஆம் அதிகாரம். கணவன் இறந்துவிட்டான், கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். எலிசா அவளிடம் கேட்டது, ‘உன் வீட்டில் என்ன இருக்கிறது?’ என்பதைத்தான். அவளிடம் இருந்த ஒரு குடம் எண்ணெயிலிருந்து காரியம் தொடங்குகிறது. அயல்வீட்டார் கொடுத்தவை வெறும் பாத்திரங்கள். அதைவிட என் மனதைத் தொடுவது, கதவைப் பூட்டிக்கொண்டு வார்க்கும்படி எலிசா அவளுக்குச் சொன்னது. உள்ளே அவளும் பிள்ளைகளும் மட்டும் இருந்தார்கள். ஊருக்கெல்லாம் காட்டியிருக்கக்கூடிய அற்புதம், பூட்டிய கதவுக்குப் பின்னால் நடந்தது. எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்த்துவிட்டு, மீந்ததைக் கொண்டு பிள்ளைகளோடு அவள் பிழைத்தாள். மறுவருடமும் வரிசையில் வந்து நிற்கும்படி யாரும் அவளை வைக்கவில்லை.

இப்போது நான் முக்கியமாகக் கேட்க வந்ததைக் கேட்கிறேன். உங்கள் சங்கத்தின் செயற்குழுவில் எத்தனை கைம்பெண்கள் இருக்கிறார்கள்? விதவைகள் நிதியை எப்படிச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் மேசையில் அந்த நிதியை நம்பி வாழ்ந்தவர்கள் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா?

எருசலேம் சபையில் இதே சிக்கல் வந்தது. அன்றாடப் பந்தி விசாரணையில், அதாவது உணவு பகிர்ந்து கொடுப்பதில், கிரேக்க மொழி பேசும் யூதர்களின் விதவைகள் விடுபட்டுப் போனார்கள். அதனால் முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசியுங்கள். ‘கொடுப்பதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருங்கள்’ என்று அப்போஸ்தலர்கள் யாரையும் அதட்டவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யாருடைய விதவைகள் விடுபட்டார்களோ, அவர்களுடைய மொழி தெரிந்தவர்களின் கையில் பந்தி போய்ச் சேர்ந்தது என்றுதான் இதிலிருந்து எனக்குப் புரிகிறது. முறுமுறுத்தவர்களுக்குக் கிடைத்தது பொறுப்பு.

ஆதிச் சபையில் விதவைகள் வாங்குகிறவர்களாக மட்டும் இருக்கவில்லை. 60 வயதுக்குக் குறையாத விதவைகளை ஒரு பட்டியலில் சேர்ப்பதைப் பற்றி தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபம் பேசுகிறது. பிற்காலத்தில் ஜெபத்துக்கும் நோயாளிகளைச் சந்திப்பதற்கும் பொறுப்புள்ள ஒரு குழுவாகவே அவர்கள் பல சபைகளில் மதிக்கப்பட்டார்கள். சிமிர்னாவின் ஆயரான பொலிகார்ப்பு விதவைகளைத் தேவனுடைய பலிபீடம் என்று அழைத்தார். கி.பி. 251 வாக்கில் ரோமாபுரி ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதம் ஒன்றில், அந்தச் சபை 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் ஏழைகளையும் போஷித்து வந்ததாகக் குறிப்பிடுகிறார். சட்டத்தின் பாதுகாப்புகூட உறுதியில்லாத, துன்புறுத்தல்கள் இன்னும் ஓயாத காலத்தில், ஒரு நகரத்துச் சபை இவ்வளவு பேரைத் தாங்கியிருக்கிறது. நம்மிடம் கட்டடம் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். அப்பா இறந்த அடுத்த கல்வியாண்டில், தம்பியை ஒரு விடுதியில் சேர்த்துவிடலாம் என்று சபையில் சிலர் யோசனை சொன்னார்கள். சாப்பாடு, படிப்பு, உடுப்பு எல்லாம் இலவசம் என்றார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். அம்மா ஒப்புக்கொண்டார், வேறு வழி தெரியவில்லை. தம்பியின் சாமான்களை ஒரு பெட்டியில் அடுக்கும்போது, அவன் தன் செருப்பு ஒன்றை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தான். ஏன் என்று நான் கேட்டதற்கு, ‘ஒன்று இங்கே இருந்தால் திரும்பி வந்துதானே ஆக வேண்டும்’ என்றான். ஏழு மாதத்தில் அவனைத் திரும்ப அழைத்து வந்தோம். அதற்குக் காரணமும் அந்த வியாழக்கிழமை அம்மாதான். விடுதியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவை மாதா மாதம் தாயின் கையில் கொடுத்தால் போதாதா என்று சபைக்குழுவில் கேட்டவர் அவர். அப்படியே நடந்தது. தம்பி வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போனான்.

யுனிசெஃப் அமைப்பின் கணக்கில், தாய் தகப்பன் இருவரில் ஒருவரை இழந்த பிள்ளையும் அநாதைதான். அந்தக் கணக்கில் வரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிருடன் இருக்கிறார்கள். 2009-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தைப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள், வறுமையை மட்டுமே காரணமாக வைத்து ஒரு பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கின்றன. வறுமைதான் காரணமென்றால், அந்த வறுமைக்கு உதவி செய்ய வேண்டும். யாருமே இல்லாத பிள்ளைகளுக்கு இல்லங்கள் தேவைப்படலாம். அங்கே உண்மையாக உழைப்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் தாய் உயிரோடு இருக்கும்போது, அநாதை இல்லத்துக்குக் காணிக்கை அனுப்புவதற்கு முன், அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: ‘உன் பிள்ளையை உன்னோடு வைத்துக்கொள்ள உனக்கு என்ன வேண்டும்?’ நான் கேட்ட அளவில், யாரும் பெரிதாக ஒன்றும் கேட்டதில்லை. ஒருவர் பழுதான தையல் இயந்திரத்தைச் சரிசெய்து தரச் சொன்னார். இன்னொருவர், தான் வேலை முடிந்து வரும்வரை பிள்ளை பாதுகாப்பாக இருக்க ஒரு வீடு கேட்டார். மாலை நான்கு மணியிலிருந்து ஏழு மணி வரை, அவ்வளவுதான்.

இளம் கைம்பெண்களை நாம் மறந்துவிடுகிறோம் என்றும் சொல்ல வேண்டும். முப்பது வயதில் கணவனை இழந்தவளுக்கு நாம் அதிகம் கொடுப்பது அறிவுரை. அவள் சிரித்தால் பேச்சு, வேலைக்குப் போனால் பேச்சு, மறுமணம் பற்றி யோசித்தால் அதற்கும் பேச்சு. அந்தப் பேச்சு தொடங்கும் இடம் பல நேரங்களில் நம் கூட்டங்கள்தான் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஒருத்தியின் வீட்டு ரகசியம் நாற்பது பேருக்குப் போய்ச் சேர்வதை நிறுத்துங்கள். ஜூன் 23-ஐ உலகக் கைம்பெண்கள் நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2011 முதல் கடைப்பிடித்து வருகிறது. அந்த நாளை உங்கள் சங்கம் அனுசரிக்கப் போவதானால், அன்றைக்கு மேடையில் ஏறுகிறவர்கள் பேசுவதற்காக ஏறட்டும். எதையும் வாங்குவதற்காக யாரையும் ஏற்ற வேண்டாம்.

உதவி வீட்டுக்கே போகட்டும், படமில்லாமல். கணக்கு காட்ட வேண்டுமென்றால் நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். நானும் அப்படித்தான் வாங்கியிருக்கிறேன், தணிக்கைக்கு அது போதுமானதாகவே இருந்தது. நன்கொடையாளர் படம் கேட்கிறார் என்றால் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்த செயற்குழுத் தேர்தலில் இரண்டு இடங்களையாவது கைம்பெண்களுக்கு ஒதுக்குங்கள். அவர்களில் ஒருவர் நிதிப் பொறுப்பில் இருக்கட்டும். ‘அவர்களுக்கு அனுபவம் போதாதே’ என்று சிலர் சொல்வார்கள். பற்றாத வருமானத்தில் பிள்ளைகளை ஆளாக்கியவளைவிடக் கணக்கு தெரிந்தவள் நம் சங்கத்தில் யார் இருக்கிறார்கள்?

அம்மாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. கண் மங்கியதால் தையலை விட்டுவிட்டார். இந்த மடலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மேடையில் நடந்ததை எழுத வேண்டுமா என்று முதலில் கேட்டார். சற்று நேரம் யோசித்துவிட்டு, எழுது என்றார். உங்களில் எந்தச் சங்கம் அழைத்தாலும் வந்து பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். மைக் வேண்டாமாம், மேடையும் வேண்டாமாம். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தால் போதும் என்கிறார். வியாழக்கிழமையாக இருந்தால் அவருக்கு வசதி.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி